சாவுக்கு மரியாதை செய்யத் தெரிந்த கல்லூரி

2006 டிசம்பர் தொடக்கத்திலேயே ராபர்ட் கேட்ஸை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக ஏற்று செனட் ஒப்புதல் தந்துவிட்டது. ஈராக்கில் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்த நேரம். இருந்தும் டிசம்பர் 18 அன்றுதான் அவர் பதவியேற்றார். அவர் தலைவராக இருந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா பாக்கி இருந்தது. அதை நடத்திவிட்டுத்தான் வாஷிங்டனுக்குப் போனார்.

அமைச்சராக இருந்த நாலரை ஆண்டுகளில் ஒரு விஷயத்தை அவர் பல மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். கல்லூரி வளாகத்தில் நடக்கும்போது 18 முதல் 25 வயதுப் பிள்ளைகள் டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டு, முதுகில் பையுடன் வகுப்புக்குப் போவதைப் பார்ப்பாராம். இப்போது அதே வயதுப் பிள்ளைகளைக் குண்டு துளைக்காத கவசத்துடனும் துப்பாக்கியுடனும் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பார்க்கிறேன் என்பார். சில இடங்களில் அதற்குமேல் பேச முடியாமல் குரல் கம்மிவிடும். இத்தனைக்கும் ஆள் இளகிய மனதுக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. வேலைக்காலத்தின் பெரும்பகுதியை சி.ஐ.ஏ.வில் கழித்து, அதன் இயக்குநராகவும் இருந்தவர்.

இந்தப் பார்வை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் அந்த வளாகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இறந்த மாணவர்களை நினைவுகூர்வதில் அந்தக் கல்லூரி அளவுக்கு ஒழுங்கு வைத்திருக்கும் இடம் அமெரிக்காவிலேயே குறைவு என்று சொல்லலாம். ஆனால் அதே கல்லூரியில்தான் ஓர் இரவில் பன்னிரண்டு பேர், தவிர்த்திருக்கக்கூடிய ஒரு விபத்தில், செத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே தலைவராக இருப்பது என்ன மாதிரி வேலை என்பது புரியும்.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டரில் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் இருக்கிறது இந்தப் பல்கலைக்கழகம். 1876ல் விவசாயமும் இயந்திரவியலும் கற்பிக்கும் கல்லூரியாகத் தொடங்கியது. 1963 வரை ஏறக்குறைய ஆண்கள் கல்லூரிதான். ராணுவப் பயிற்சிப் படையை மையமாக வைத்து வளர்ந்தது. இங்கே படித்தவர்களை ஆகீ என்பார்கள். பட்டம் வாங்கி நாற்பது வருஷம் ஆனாலும் ஆகீதான். வெளியாட்களுக்கு இந்தப் பற்று கொஞ்சம் விசித்திரமாகப் படும். அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

மாணவர் ஒருவர் இறந்தால் அங்கே நடப்பது சில்வர் டாப்ஸ். கல்வியாண்டு நடக்கும் மாதங்களில், முதல் செவ்வாய்க்கிழமை. முந்தைய மாதத்தில் எந்த மாணவராவது இறந்திருந்தால், அன்று காலை முதலே வளாகத்தின் நடுவே கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். கொடிக்கம்பத்தின் அடியில் பெயர் எழுதிய சிறு அட்டை வைத்திருப்பார்கள். வகுப்புக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள், பார்ப்பார்கள். குடும்பத்துக்குக் கடிதம் எழுத நினைப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். இரவு பத்தேகாலுக்கு மணிக்கூண்டிலிருந்து பாடல்கள் ஒலிக்கும். வளாக விளக்குகள் அணைக்கப்படும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் பேச்சில்லாமல் வந்து இருட்டில் நிற்பார்கள். பத்தரைக்கு ராஸ் வாலன்டியர்ஸ் என்ற மரியாதை அணி மிக மெதுவான நடையில் வரும். பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கும். ஏழு துப்பாக்கிகள், மூன்று முறை. பிறகு பியூகிள் என்ற ஊதுகொம்பு. வடக்கே ஒரு முறை, தெற்கே ஒரு முறை, மேற்கே ஒரு முறை வாசிப்பார்கள். கிழக்கே வாசிப்பதில்லை, அந்த மாணவருக்கு இனிச் சூரியன் உதிக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். முடிந்ததும் கைதட்டல், உரை எதுவும் கிடையாது. வந்த மாதிரியே கலைந்துவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியது, இதில் தலைவருக்குப் பேச்சு இல்லை. இறந்தவர் யார், நன்றாகப் படித்தவரா, எப்படி இறந்தார் என்பதெல்லாம் சடங்கில் வராது. முதலாம் ஆண்டு மாணவரானாலும் சரி, வேறு நாட்டிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவரானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே இருட்டு, ஒரே மூன்று சுற்று. நம் கல்லூரிகளில் இரங்கல் கூட்டம் என்றால் முதல்வர் உரை, துறைத்தலைவர் உரை, இரண்டு நிமிட மௌனம், அரை நாள் விடுமுறை என்று போகும். அதைவிட இது நேர்மையானது என்பது என் எண்ணம்.

இன்னொரு வேடிக்கை, இந்தச் சடங்கு முதன்முதலில் நடந்தது மாணவருக்காக அல்ல, கல்லூரித் தலைவருக்காக. டெக்சாஸ் ஆளுநராக இருந்துவிட்டு 1891ல் கல்லூரித் தலைவராக வந்த சல் ராஸ், 1898 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். மூடிவிடலாமா என்ற பேச்சு அடிபட்ட கல்லூரியை நிமிர்த்தியவர் என்று மாணவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். இன்றும் தேர்வுக்குப் போகிறவர்கள் அவர் சிலையின் காலடியில் ஒரு பென்னி வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர் உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்பின் தளபதி என்பதையும் சொல்ல வேண்டும். 2020ல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லிப் போராட்டம் நடந்தது. சிலை அங்கேயேதான் இருக்கிறது.

ஆண்டுக்கொரு முறை, ஏப்ரல் 21 அன்று, மஸ்டர் என்ற கூட்டம். அந்த ஆண்டில் இறந்த ஆகீகளின் பெயர்களை வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டாரோ நண்பரோ எழுந்து, இறந்தவருக்குப் பதிலாக, 'உள்ளேன்' என்பார்கள். ஒரு மெழுகுவத்தி ஏற்றப்படும். வளாகத்தில் மட்டுமல்ல, ஆகீகள் இருக்கும் ஊர்களில் எல்லாம் நடக்கும். 1942ல் பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில் ஜப்பானியக் குண்டு மழைக்கு நடுவே இருந்த ஆகீ வீரர்கள் மஸ்டர் நடத்தியதாகச் செய்தி வந்தபின் இது நாடு முழுக்கத் தெரிந்த வழக்கமாயிற்று.

சரி, இனி அந்த விபத்துக்கு வருவோம்.

இந்தக் கல்லூரிக்கும் ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் அமெரிக்கக் கால்பந்தில் பரம்பரைப் பகை. நவம்பரில் அந்த ஆட்டத்துக்கு முன்னால் பெரிய நெருப்பு மூட்டுவது வழக்கம். பேர் பான்ஃபயர். கார்த்திகையில் கோயில் வாசலில் கொளுத்தும் சொக்கப்பனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆறு மாடி உயரத்துக்கு, ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி அடுக்கி. 1900களின் தொடக்கத்தில் குப்பையும் உடைந்த பெட்டிகளுமாகத் தொடங்கியது. 1935ல் மாணவர்கள் ஒரு விவசாயியின் மரக் கொட்டகையையே பெயர்த்துக் கொண்டுவந்து எரித்துவிட, கல்லூரி தலையிட்டது. நிறுத்துவதற்கு அல்ல, அதிகாரபூர்வமாக்கி, கோடரியும் ரம்பமும் கொடுப்பதற்கு. 1969ல் அடுக்கு கிட்டத்தட்ட 110 அடிக்குப் போனது. அப்புறம்தான் 55 அடி என்று வரம்பு வைத்தார்கள்.

கட்டுமானம் முழுக்க மாணவர் கையில். தலைக்கவசத்தை அவர்கள் பாட் என்பார்கள். யார் என்ன நிறத்தில் பாட் போடுகிறார் என்பதை வைத்தே அதிகாரம். உச்சத்தில் சிவப்பு பாட் போட்டவர்கள். அவர்களிடம் எழுதி வைத்த வடிவமைப்போ கணக்கோ கிடையாது. முந்தைய ஆண்டு சீனியர் செய்ததைப் பார்த்த ஜூனியர், இந்த ஆண்டு தான் செய்வார். நினைவில் இருப்பதுதான் வரைபடம். கடைசி வாரங்களில் இரவு பகலாக ஷிஃப்ட் போட்டு வேலை நடக்கும். 1994ல் மழையில் தரை இளகி அடுக்கு சாய்ந்தது. பிரித்துவிட்டு மளமளவென்று மறுபடி கட்டி, குறித்த நேரத்தில் எரித்தார்கள். அதை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகீ உணர்வுக்கு உதாரணமாகத்தான் பேசினார்கள்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2:42. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களோடு 59 அடிக்கு எழும்பியிருந்த அடுக்கு சரிந்தது. மேலே 58 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள்: பதினோரு மாணவர்கள், ஒரு முன்னாள் மாணவர். 27 பேருக்குக் காயம். மரங்களை இயந்திரத்தால் இழுத்தால் மிச்சமும் சரியும் என்பதால் பலவற்றைக் கையால்தான் அகற்றினார்கள். பயிற்சியை ரத்து செய்துவிட்டுக் கால்பந்து அணி மரம் தூக்க வந்தது. மீட்புப் பணி 24 மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. அது முடிவதற்குள்ளாகவே, அன்று மாலை, உள்ளரங்கில் 16,000 பேர் அஞ்சலிக்குக் கூடினார்கள்.

அப்போது தலைவர் ரே போவன். அவரும் இதே கல்லூரியில் 1958ல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர். முனைவர் பட்டமும் இங்கேதான். பொருட்களில் விசை எப்படிப் பரவுகிறது என்பது பற்றிய இயக்கவியல் அவர் துறை. அப்படிப்பட்டவர் தலைவராக இருந்த வளாகத்தில், ஒரு பொறியியல் வரைபடம் கூட இல்லாமல் 59 அடி அடுக்கு நின்றது. இதை அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கு முன் இருந்த எத்தனையோ தலைவர்கள் காலத்திலும் அப்படித்தான் நின்றது. மரபு என்று ஒன்று வந்துவிட்டால், துறை நிபுணருக்கே கண் மறைத்துவிடுகிறது.

துக்கம் காப்பதில் அந்தக் கல்லூரி எந்தக் குறையும் வைக்கவில்லை. நெருப்பு மூட்டியிருக்க வேண்டிய நவம்பர் 25 இரவில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் விபத்து நடந்த இடத்தில் மெழுகுவத்தியுடன் நின்றார்கள். முன்னாள் அதிபர் புஷ்ஷும், அன்று ஆளுநராக இருந்த அவர் மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மறுநாள் ஆட்டம். பகை அணியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வாத்தியக் குழு இடைவேளையில் அஞ்சலி இசை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றது. ஏ அண்ட் எம் 20-16 என்று ஜெயித்தது. இதற்குமேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்? கண்ணீர், ஒற்றுமை, வெற்றி எல்லாம் வந்துவிட்டது. அதோடு திரை விழுந்திருந்தால், அடுத்த ஆண்டு மறுபடி மரம் வெட்டியிருப்பார்கள்.

போவன் அதை அத்தோடு முடிய விடவில்லை. ஹூஸ்டனின் கட்டுமான நிறுவனத் தலைவர் லியோ லின்பெக் தலைமையில் வெளியாட்களைக் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார். 2000 மே மாதம் அறிக்கை வந்தது. உடனடிக் காரணம் இயந்திரவியல்: தட்டுத் தட்டாக ஏற்றிய அந்த அடுக்கில், இரண்டாம் தட்டு மரங்களை முதல் தட்டு மரங்களுக்கு இடையே ஆப்பு மாதிரி இறுக்கிச் செருகியிருந்தார்கள், அந்த அழுத்தம் அடித் தட்டை வெளிப்பக்கமாகத் தள்ளியது, அதைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குக் கம்பிக்கட்டு வலுவாக இல்லை, முந்தைய ஆண்டுகளில் சுற்றிய எஃகு வடமும் இந்த முறை இல்லை. ஆனால் குழு அங்கே நிற்கவில்லை. பல பத்தாண்டுகளாக நிர்வாகம், ஆசிரியர், மாணவர் எல்லாரும் சேர்ந்து வளர்த்த அமைப்புக் கோளாறு இது என்றது. எத்தனையோ முறை எச்சரிக்கை வந்தும், ஒவ்வொன்றையும் தனித்தனிச் சம்பவமாகப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். தனியாக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களில் சிலருக்கு அது ஆறுதல் தரவில்லை. வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன.

எனக்குப் படுவது இதுதான். சில்வர் டாப்ஸை இவ்வளவு துல்லியமாக நடத்துகிற அதே பண்புதான் அந்த அடுக்கையும் கட்டியது. சீனியர் சொன்னதை ஜூனியர் கேள்வி கேட்காமல் செய்வது, மாணவர்களே எல்லாவற்றையும் நடத்துவது, ஒரு ஆண்டு கூட விட்டுப்போகக் கூடாது என்ற பிடிவாதம். பியூகிள் வாசிக்கும்போது அது அழகாக இருக்கிறது. மரத்தின் மேல் நிற்கும்போது ஆபத்தாகிவிடுகிறது. சடங்கைப் பார்த்துக்கொள்ள மாணவர்கள் இருக்கிறார்கள்; அங்கே தலைவர் இல்லாவிட்டாலும் குறையில்லை. 'இது வேண்டாம்' என்று சொல்ல வேண்டியபோது மட்டும் அவர் இடத்தில் வேறு யாரும் நிற்க முடியாது.

அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். 1960களில் தலைவராக இருந்த ஏர்ல் ரடர், இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி செங்குத்துப் பாறையில் ரேஞ்சர் படையை ஏற்றிச் சென்ற வீரர். அவர் 1963ல் பெண்களைச் சேர்த்தபோது முன்னாள் மாணவர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். போவன் இன்னும் நாசூக்காகப் போனார். 2000 ஜூனில், 2002 வரை பான்ஃபயர் இல்லை என்றார். அதன்பின் நடந்தால் பொறியாளர்கள் வடிவமைத்து, ஒரே தட்டாக, கண்காணிப்புடன்தான் என்றார். 2002 பிப்ரவரியில் அதுவும் இல்லை என்று அறிவித்தார். பாதுகாப்பாகக் கட்டுவதற்கான செலவும் விபத்துப் பொறுப்புக் காப்பீட்டுச் சிக்கலும் தாண்ட முடியாதவை என்பது காரணம். கணக்குப் பேச்சாக இருக்கிறதே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே தோன்றுகிறது. இந்த மரபை நியாயமான பாதுகாப்போடு நடத்த உண்மையில் எவ்வளவு ஆகும் என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த விலையை யாரும் கட்டவில்லை, அவ்வளவுதான். சில மாதங்களில் போவன் பதவியிலிருந்து விலகினார். அடுத்து வந்தவர்தான் கேட்ஸ்.

கேட்ஸ் பான்ஃபயரைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அவர் காலத்தில்தான், 2004 நவம்பர் 18 அன்று, விபத்து நடந்த இடத்தில் நினைவிடம் திறக்கப்பட்டது. 170 அடி விட்டத்தில் ஒரு கல் வட்டம். அதில் பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொன்றும் இறந்த ஒருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. வாசல்களை இணைக்கும் 27 கற்கள் காயம்பட்டவர்களுக்கு. அங்கே போகும் பாதையில் ஆண்டுக்கு ஒன்றாகக் கற்கள். கென்னடி கொல்லப்பட்டதால் நெருப்பு மூட்டாத 1963க்கு மட்டும் இடைவெளி. ஒவ்வொரு நவம்பர் 18லும் அதிகாலை 2:42க்கு மாணவர்கள் அங்கே கூடுகிறார்கள். அந்த விபத்தின்போது பிறந்தே இருக்காத மாணவர்கள்.

இந்த வளாகத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டுத்தான் கேட்ஸ் போர்த்துறைக்குப் போனார். போனதும் எண்களாக வரும் சாவுப் பட்டியலை எண்களாக விட அவருக்கு மனம் வரவில்லை. இறந்த ஒவ்வொரு வீரரைப் பற்றியும் படத்தோடும் சொந்த ஊர்ப் பத்திரிகைச் செய்தியோடும் குறிப்பு கேட்டு வாங்கினார். குடும்பங்களுக்கு இரவில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். கொடிக்கம்பத்தடியில் வைக்கும் அட்டைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. 2009ல், போரில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் வந்திறங்குவதைப் படம் எடுக்கக் கூடாது என்று 1991 முதல் இருந்த தடையைத் தளர்த்தி, குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்றாக்கினார்.

அனுதாபத்தோடு நின்றிருந்தால் அவரும் இரங்கல் உரை வாசிக்கும் இன்னொரு தலைவராகப் போயிருப்பார். கண்ணிவெடியில் வீரர்கள் சாவதைக் குறைக்க எம்ராப் என்ற கவச வண்டிகளை அனுப்ப வேண்டும் என்று 2007ல் பென்டகனோடு மல்லுக்கட்டினார். எதிர்காலப் போர்களுக்கான ஆயுதத் திட்டங்களுக்கே அங்கே முதலிடம். இந்த வண்டிக்குப் பணம் ஒதுக்கப் பலருக்கு மனமில்லை. பதவி பலத்தை வைத்து அந்தத் தயக்கத்தை உடைத்து, ஆயிரக்கணக்கில் வாங்கி அனுப்பினார். போவன் குழு அமைத்ததும் இதுவும் ஒரே வகை வேலை என்று நினைக்கிறேன்: அடுத்த சாவைத் தடுக்கும் நிர்வாக வேலை. கைதட்டல் கிடைக்காது, எதிரிகள் கிடைப்பார்கள்.

அதே கேட்ஸ்தான் போரை நடத்தினார் என்பதையும் விட்டுவிட முடியாது. ஈராக்குக்கு 2007ல் கூடுதல் படை போனது அவர் காலத்தில்; ஆப்கானிஸ்தானில் படை பெருகியதும் அவர் காலத்தில். பிள்ளைகளை நினைத்து அழுதவர், பிள்ளைகளை அனுப்பும் உத்தரவிலும் கையெழுத்துப் போட்டார். இதை அவரே மறைக்கவில்லை. 2014ல் வெளியான நினைவுக்குறிப்பில், வீரர்களைக் காப்பதே தனக்கு முதல் வேலை ஆகிவிட்டது என்றும், அப்படி நடுநிலை இழந்தபின் பதவியில் இருக்கக் கூடாது என்று உணர்ந்ததாகவும் எழுதினார். கல்லூரித் தலைவருக்கு இருக்க வேண்டிய குணம் போர் அமைச்சருக்குத் தகுதிக் குறைவாகிவிடுகிறது. இதை அவர் புகாராகச் சொல்லவில்லை, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார்.

பான்ஃபயர் கதை இன்னும் முடியவில்லை. ஏ அண்ட் எம் வேறு கால்பந்துச் சங்கத்துக்கு மாறியதால் 2011க்குப் பின் நின்றுபோயிருந்த டெக்சாஸ் ஆட்டம், 2024ல் மறுபடி வருவதென்று முடிவானது. உடனே நெருப்பையும் வளாகத்துக்குத் திரும்பக் கொண்டுவரலாமே என்ற பேச்சு எழுந்தது. அப்போதைய தலைவர் மார்க் வெல்ஷ், விமானப்படைத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். யோசனையைப் பரிசீலித்துவிட்டு, 2024 ஜூனில், வேண்டாம், அது நம் வரலாற்றிலேயே இருக்கட்டும் என்ற பொருளில் அறிவித்தார். கால் நூற்றாண்டு கழித்து, அந்த விபத்தோடு தொடர்பே இல்லாத ஒருவர், போவன் சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் அந்த 'வேண்டாம்' வளாகத்தின் எல்லை வரைதான் செல்லும். 2002க்குப் பிறகு மாணவர்கள் ஊருக்கு வெளியே தனியார் நிலத்தில் தாங்களாகவே பான்ஃபயர் கட்டி எரித்துவருகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு அதில் பங்கில்லை. பணமும் இல்லை, பொறுப்பும் இல்லை. வடிவத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு மரத்தின் மேல் இன்னொரு மரத்தை நிறுத்துவதில்லை. ஒவ்வொரு மரமும் தரையைத் தொட வேண்டும், சுற்றிலும் கூடுதல் கம்பங்கள் தாங்க வேண்டும். லின்பெக் அறிக்கையை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.